வண்டி ரெடியானதும் சொல்லி அனுப்புகிறோம்!

என் பழைய ஆபீஸ் நண்பன் போன வாரம் டீக்கடையில் மாட்டினான். முகத்தில் இன்க்ரிமென்ட் கட் ஆன களை. விசாரித்தால், கார் புக் பண்ணியிருக்கிறானாம். டெலிவரிக்கு ஆறு மாசம் ஆகும் என்று ஷோரூமில் கையை விரித்துவிட்டார்களாம்.

"ஆறு மாசம்டா! காசு நம்முது. போன் பண்ணிக் கெஞ்சுறதும் நாம. இது என்ன நியாயம்?"

"ஆறு மாசத்துக்கே அழறியே. இங்கிலாந்துல ஒரு கார் கம்பெனி இருக்கு. ஒரு காலத்துல அங்க புக் பண்ணினா, பத்து வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்புவாங்க. அதுக்கும் ஜனங்க சந்தோஷமா க்யூவுல நின்னாங்க."

"அப்படி என்ன கார்? பறக்குமா?"

"இல்ல. மரச் சட்டம் வெச்ச கார்."

நண்பன் என் டீ கிளாஸை எட்டிப் பார்த்தான். அதில் டீதான் இருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கும் புண்ணியவான்களுக்குத் தெரியும், நான் ஒரு பி.காம். அதுவும் காஸ்டிங் பேப்பரை இரண்டாவது அட்டெம்ப்ட்டில் தாண்டிய பி.காம். அப்படிப்பட்டவன் இங்கிலாந்துக்காரன் கையால் செய்த ஸ்போர்ட்ஸ் கார்களைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கார்களின் வேகத்தைவிட, கணக்குதான் ஆச்சரியம். வாத்தியார் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் தப்பாகச் செய்துவிட்டு ஒரு கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தால், பி.காம். படித்தவனுக்குத் தூக்கம் வருமா?

கம்பெனியின் பெயர் மார்கன். இங்கிலாந்தில் ஊஸ்டர்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே மலையடிவாரத்தில் மால்வெர்ன் என்று ஓர் ஊர். ஒரு பாதிரியாரின் மகன், எச்.எஃப்.எஸ். மார்கன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு ஊருக்கு வந்து கராஜ் வைத்தார். 1909-இல் தனக்காக மூன்று சக்கரத்தில் ஒரு வண்டி செய்துகொண்டார். பார்த்தவர்கள் எல்லாம் "எனக்கு ஒண்ணு" என்றார்கள். அப்பா பாதிரியார் பணம் போட்டார். (பையன் கராஜ் வைக்கிறேன் என்றால் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மேலே படிக்கவும்.) 1911-இல் லண்டனின் பெரிய கடையான ஹாரட்ஸின் ஷோ ஜன்னலில் அந்த வண்டி நின்றது. மூன்று சக்கரம் என்றால் கார் வரி இல்லை, மோட்டார் சைக்கிள் வரிதான். ஆக, ஆரம்பமே டாக்ஸ் ப்ளானிங்!

1936-இல் நாலு சக்கரத்துக்கு வந்தார்கள். நாலு சிலிண்டர், நாலு சக்கரம். அதனால் காருக்கு 'ஃபோர் ஃபோர்' என்று பெயர். பெயர் வைப்பதற்கு விளம்பர கம்பெனிக்குப் பணம் கொடுக்கவில்லை என்பது தெளிவு.

மரத்துக்கு வருவோம். மார்கன் கார் முழுக்க மரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அடியில் இருக்கும் சேஸி இரும்பு. (இப்போது வரும் கார்களில் அலுமினியம்.) மேலே போர்த்தியிருப்பது உலோகத் தகடு. நடுவில், உடம்புக்கு எலும்புக்கூடு மாதிரி நிற்பதுதான் மரம். ஆஷ் என்கிற மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற மரம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். அடி வாங்கும், வளையும், லேசில் உடையாது.

பின் சக்கரத்துக்கு மேலே வளைவு வேண்டுமா? மெல்லிய ஆஷ் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, ஓர் அச்சில் வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பசை காயும்வரை அதற்கு அவசரம் இல்லை, யாருக்கும் அவசரம் இல்லை. பானெட்டில் காற்றுப் போவதற்காக வரிசையாகக் கீறல் மாதிரித் திறப்புகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பார்கள். தகட்டை அந்தந்தக் காருக்கு அளவு பார்த்துப் பொருத்துவதால், ஒரு காரின் பானெட் இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது. நம் டெய்லர் தைத்த சட்டை மாதிரி.

தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட் கிடையாது. செங்கல் ஷெட்டுகள் வரிசையாக நிற்கும். ஒரு ஷெட்டில் வேலை முடிந்தால் காரை நாலு பேர் அடுத்த ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஓடாத கார் என்பதால் அல்ல. ஓடத் தெரியாத குழந்தையை நடத்திக் கூட்டிப்போவது மாதிரி.

சரி, இத்தனை கஷ்டப்பட்டுச் செய்த காரில் சுகமாகப் போகலாமா என்றால், அதுதான் இல்லை. முன் சக்கர சஸ்பென்ஷன் அந்த 1909 வண்டிக்காக யோசித்த டிசைன். அதைத் திருத்தித் திருத்தி இந்த நூற்றாண்டு வரை ஓட்டினார்கள். ரோட்டில் கிடக்கும் காசு மேல் ஏறினால், பூவா தலையா என்று இடுப்பு சொல்லிவிடும் என்பார்கள். சில வருஷத்து மாடல்களில் காலுக்கருகே ஒரு பட்டன் உண்டு. அவ்வப்போது மிதித்தால் என்ஜின் ஆயிலில் கொஞ்சம் போய் சஸ்பென்ஷனுக்கு எண்ணெய் போடும். காரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஏற்பாடு.

கிண்டல் செய்தாலும் வண்டி லேசுப்பட்டது அல்ல. பிரான்ஸில் லெ மான் என்று 24 மணி நேரக் கார் பந்தயம். 1961-இல் மார்கன் போனபோது சேர்த்துக்கொள்ளவில்லை. ஏதோ பழைய கார் மாதிரி இருக்கிறது என்று காரணம் சொன்னதாகப் பேச்சு. அடுத்த வருஷம், 1962-இல், மறுபடியும் போனார்கள். இரண்டு லிட்டர் பிரிவில் முதலிடம்! பந்தயம் முடிந்ததும் அதே காரை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று மார்கன் பைத்தியங்கள் இன்றைக்கும் கண் கலங்கச் சொல்வார்கள்.

இந்தப் பைத்தியம் மார்கனோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் அப்போது ஊருக்கு ஒரு கார் கம்பெனி. ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

பிரிஸ்டல் என்று ஒரு கம்பெனி. ஆகாய விமானம் செய்துகொண்டிருந்தவர்கள். யுத்தம் முடிந்ததும், ஜெர்மனியிலிருந்து வந்த பி.எம்.டபிள்யூ டிசைன்களை வைத்து 1947-இல் கார் செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்டெப்னியை டிக்கியில் வைத்தால் பெட்டி வைக்க இடம் போய்விடுகிறதே என்று, முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டுக்குள்ளேயே ஓர் அலமாரி கட்டி அதில் வைத்தார்கள். பின்னாளில் அதன் முதலாளியாக இருந்தவர் டோனி க்ரூக். பழைய பந்தய வீரர். லண்டன் கென்சிங்டனில் ஒரே ஒரு ஷோரூம். உள்ளே வருகிறவரை அவருக்குப் பிடிக்காவிட்டால் கார் விற்க மாட்டார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இத்தனை விசாரணை கிடையாது!

லோட்டஸ் இன்னொரு ரகம். 1957-இல் வந்த 'செவன்' காரைப் பிரித்த நிலையில் பார்ட் பார்ட்டாக விற்றார்கள். வாங்கியவர் வீட்டு வாசலில் ஸ்பானரோடு உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். காரணம், முழு காருக்கு விற்பனை வரி உண்டு, உதிரி பாகங்களாக வாங்கினால் கிடையாது. மார்ச் மாதத்தில் வாடகை ரசீதுக்கு அலைகிற நம் ஆபீஸ் ஜாதிக்கு இந்தக் காரைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடும்.

ஆஸ்டன் மார்ட்டின் எல்லோருக்கும் தெரியும். ஜேம்ஸ் பாண்ட் 1964-இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஓட்டியது அவர்களுடைய டி.பி.5. அந்த 'டி.பி.' யார் தெரியுமா? டேவிட் பிரவுன். கியரும் டிராக்டரும் செய்து சம்பாதித்தவர். 1947-இல் பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 20,500 பவுண்டுக்கு அந்தக் கம்பெனியை வாங்கினார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வேண்டிய ஒருவர் வந்து, "எனக்கு மட்டும் அடக்க விலைக்குக் கொடுங்களேன்" என்றாராம். "தாராளமாக. ஆனால் விற்கிற விலையைவிட அது அதிகமாயிற்றே, பரவாயில்லையா?" என்றாராம் பிரவுன். நடந்ததோ இல்லையோ, கணக்கு அப்படித்தான் இருந்தது. 1972-இல் கடனோடு சேர்த்து அந்தக் கம்பெனி கை மாறியபோது விலை சுமார் 100 பவுண்டு. 20,500-க்கு வாங்கி, இருபத்தைந்து வருஷம் உழைத்து, 100-க்கு விற்றார். இதற்குப் பெயர் டிப்ரிஸியேஷன்.

இந்தக் கார்களின் எலெக்ட்ரிகல் சமாசாரம் தனிக் கச்சேரி. பல கார்களில் லூகாஸ் கம்பெனி விளக்கும் வயரிங்கும். இங்கிலாந்துக்காரன் ஏன் பீரைக் குளிர வைக்காமல் குடிக்கிறான்? அவன் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ். இது அவர்களே அவர்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஜோக். (சென்னை பாடியில் பஸ் ஸ்டாப் பெயராகவே ஆகிவிட்ட லூகாஸ் டி.வி.எஸ்.ஸில் இருக்கும் லூகாஸ் அதே வம்சத்துப் பெயர்தான். ஆனால் ஜோக்கில் நம்ம ஊர்க்காரர்கள் சேர்த்தியில்லை!)

இப்போது கதையின் முக்கியமான கட்டம். 1990. பி.பி.சி. டி.வி.யில் ஒரு நிகழ்ச்சி. சர் ஜான் ஹார்வி ஜோன்ஸ் என்று ஒரு பெரிய மனிதர். ஐ.சி.ஐ. என்ற பிரம்மாண்டமான ரசாயன கம்பெனியின் சேர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். நீளமான முடி, கண்ணைப் பறிக்கிற டை. நோய் பிடித்த கம்பெனிகளுக்குப் போய் வைத்தியம் சொல்வது நிகழ்ச்சி. அவர் மால்வெர்னுக்கு வந்தார்.

பார்த்தார். காரைத் தள்ளுகிறார்கள். தச்சர் இழைக்கிறார். வாரத்துக்குப் பத்து கார்கூடத் தேறவில்லை. வெளியே வருஷக்கணக்கில் க்யூ. மனிதருக்குத் தலை சுற்றியது. மருந்து எழுதிக் கொடுத்தார். உற்பத்தியை இரண்டு மடங்காக்குங்கள், விலையை ஏற்றுங்கள், நவீன முறைக்கு வாருங்கள்.

பி.காம். முதல் வருஷப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். டிமாண்ட் அதிகம், சப்ளை குறைவு, விலையை ஏற்று. நானும் பரீட்சையில் அதைத்தான் எழுதினேன். (அந்தப் பேப்பரில் மட்டும் முதல் அட்டெம்ப்ட்டிலேயே பாஸ்.)

அப்போது கம்பெனியை நடத்தியவர் எச்.எஃப்.எஸ்.ஸின் மகன் பீட்டர் மார்கன். கூடவே பேரன் சார்லஸ். அப்பாவும் பிள்ளையும் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார்கள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன்? இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அவர்கள் முட்டாள்களாக இருந்தால் விஷயம் முடிந்துவிடும். நம் முறைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் ஐட்டம், என்ஜின். மற்றவர்களுக்குப் புது என்ஜின் டிசைன் பண்ணியே தாவு தீர்ந்தது. மார்கன் பெரும்பாலும் அடுத்தவன் என்ஜினைத்தான் வாங்கிப் பூட்டியது. ஜாப், கவென்ட்ரி கிளைமாக்ஸ், ஃபோர்டு, டிரையம்ஃப், 1968-இல் ரோவர் வி-8, 2000-இல் பி.எம்.டபிள்யூ. 1950-இல் வந்த 'பிளஸ் ஃபோர்' காரில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் என்ஜின். அதே குடும்பத்து என்ஜின்தான் அங்கே ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது. அந்த வேன்கார்டு காரை மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி விற்றதைப் பெரியவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, வடிவம். வருஷா வருஷம் புது மாடல் என்றால் புது அச்சு, புது மெஷின், புதுக் கடன். மார்கன் முகத்தை மாற்றவே இல்லை. ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டார்கள். 1963-இல் ஃபைபர்கிளாஸ் உடம்போடு நாகரிகமாக 'பிளஸ் ஃபோர் பிளஸ்' என்று ஒன்று. மொத்தம் செய்தது 26 கார். சூடு கண்ட பூனை மறுபடி அடுப்புப் பக்கம் போவதற்குள் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மூன்றாவது, அந்த க்யூ. நாமெல்லாம் அதை வியாதி என்று நினைத்தோம். பீட்டர் மார்கன் அதை இன்ஷூரன்ஸ் பாலிசியாக வைத்திருந்தார். நாளைக்கு வியாபாரம் படுத்தால் க்யூ சின்னதாகும், அவ்வளவுதான். தொழிற்சாலை ஓடும். தச்சருக்குச் சம்பளம் போகும். டாக்டர் சொன்னபடி உற்பத்தியை இரட்டித்த பிறகு வியாபாரம் படுத்தால்? புது மெஷினுக்கு வட்டி நிற்குமா?

படுத்தது. டாக்டர் வந்துபோன சூட்டிலேயே இங்கிலாந்தில் மந்தம். 1992-இல் ஆஸ்டன் மார்ட்டின் வருஷம் முழுக்கச் செய்தது ஐம்பது காருக்கும் குறைவு. அதே வருஷம் லோட்டஸ் தன் புது எலான் காரையே நிறுத்தியது. மால்வெர்னில் வழக்கம்போலக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

உடனே "கையால் செய், பழசை மாற்றாதே, ஜெயிப்பாய்" என்று சுவரில் எழுதி வைத்துவிடாதீர்கள். கையால் செய்த மற்றவர்கள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். அழகான இன்டர்செப்டர் காரைச் செய்த ஜென்சன் 1976-இல் மூடியது. மனசுக்குப் பிடித்தவருக்கு மட்டும் விற்ற பிரிஸ்டல் 2011-இல் தடுமாறி, வேறு கைக்குப் போய், 2020-இல் ஒரேயடியாகக் கலைக்கப்பட்டது. ஆஸ்டன் மார்ட்டின் திவாலின் வாசலுக்குப் போனதும் வந்ததும் எண்ணி மாளாது.

மார்கனும் அப்படியே இருந்துவிடவில்லை. டாக்டர் மருந்தை அவர் எதிரில் குடிக்கவில்லையே தவிர, அவர் போனபின் ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார்கள். உற்பத்தி மெல்ல ஏறியது, க்யூ குறைந்தது. இரும்புச் சேஸி 2020-இல் ரிட்டயர் ஆனது. குடும்பச் சொத்தாக இருந்த கம்பெனியில் 2019-இல் இத்தாலிய முதலீட்டுக்காரர்கள் பெரும் பங்கை வாங்கிவிட்டார்கள். ஆனால் அதே பிக்கர்ஸ்லீ ரோடு, அதே ஷெட்டுகள். 2022-இல் மறுபடி ஒரு மூன்று சக்கர வண்டி விட்டார்கள், 'சூப்பர் த்ரீ' என்று. நாலு சக்கரக் காரில் இன்றைக்கும் ஆஷ் மரம் இருக்கிறது.

கணக்கு முடிந்தது. ஆனால் கணக்கில் வராத ஒன்று பாக்கி. கடனை யோசித்துச் செலவு செய்த கம்பெனி பிழைத்தது, சரி. ஜனங்கள் ஏன் காத்திருந்தார்கள்? குலுக்கும், மழை வந்தால் ஒழுகும், விலையும் குறைவில்லை. எதற்கு?

ஆஸ்டன் மார்ட்டினில் ஒரு வழக்கம் இருந்தது. நியூபோர்ட் பாக்னெலில் வி-8 என்ஜின் ஒவ்வொன்றையும் ஒரே ஆள் முழுக்கப் பூட்டுவார். முடிந்ததும் என்ஜின் மேல் சின்னத் தகடு ஒன்றில் அவர் பெயர். முதலாளி பெயர் இல்லை. பூட்டியவர் பெயர்.

நான் ஆபீஸில் பதினோரு வருஷம் வவுச்சர் போட்டேன். கட்டுக் கட்டாகப் போட்டேன். எதிலும் என் பெயர் கிடையாது, மூலையில் ஒரு இனிஷியல். அதையும் தப்பு வந்தபோது மட்டும்தான் தேடினார்கள். "யார்யா இதைப் போட்டது?" சரியாக இருந்த ஆயிரம் வவுச்சருக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. எங்கோ ஒருவர் என்ஜின் மூடியைத் திறந்து, ஒரு மெக்கானிக்கின் பெயரைப் படித்துவிட்டு மூடுகிறார் என்று படித்த அன்றைக்கு, எனக்கு அந்தக் காரைவிட அந்த மெக்கானிக் மேல் பொறாமையாக இருந்தது.

மால்வெர்னில் கார் புக் பண்ணியவர்கள் தொழிற்சாலைக்கே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். அவர்கள் காத்திருந்தது காருக்கு மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. 'இதை இன்னார் செய்தார்' என்று சொல்லக்கூடிய ஒரு பொருளுக்காக.

எங்கள் தாத்தாவும் காத்திருந்தவர்தான். 1970-களில் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்தார். வருஷக்கணக்கில் க்யூ. வண்டி வந்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டது. கிக்கரை அப்பாதான் உதைத்தார். தாத்தா பின் சீட்டில் உட்கார்ந்து "மெதுவா போடா" என்று சொன்னதோடு சரி. அந்தக் காத்திருப்பு வேறு. வருஷத்துக்கு இத்தனை வண்டிதான் என்று அரசாங்கம் லைசென்ஸால் கம்பெனியின் கையைக் கட்டியிருந்த காலம். மால்வெர்ன்காரர் கையை யாரும் கட்டவில்லை. அவரே கட்டிக்கொண்டார். ஆனாலும் தாத்தா தினமும் காலையில் நொண்டிக்கொண்டே போய் அந்த ஸ்கூட்டரைத் துடைப்பார். ஓட்டாத வண்டியை ஏன் துடைக்கிறார் என்று அப்போது புரியவில்லை.

இத்தனையும் சொல்லி முடித்தபோது டீ ஆறி, இரண்டாவது டீயும் ஆறியிருந்தது. நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. மனசு மாறிவிட்டான், காத்திருப்பதன் மகிமை உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆறு மாசம் ஒண்ணும் பெரிசு இல்லடா" என்றான் கடைசியில்.

"அப்பாடா! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல சேரணும். எனக்கு இன்னும் கார் ஓட்டத் தெரியாது."